எழுத்து முட்டை

கோகிலவாணி தன்னைப் பற்றி உலகத்துக்கு முதன்முதலாக நாலு வரி எழுதிப்போட்ட மறுநாள் காலையில், புதன்சந்தையைச் சுற்றியிருந்த நாற்பத்திரண்டு பண்ணைகளிலும் கோழிகள் எழுத்தோடு முட்டையிட்டன.

அதற்கு முன்னால் நாலு மாதமாக அவளுக்கு வேலையில்லை. நாமக்கல்லில் கோழித்தீவனத்தைப் பரிசோதித்துச் சொல்லும் ஒரு லேபில் பதினோரு வருஷம் இருந்தவள். மக்காச்சோளத்தை உள்ளங்கையில் அள்ளி மோந்து பார்த்தே ஈரம் எவ்வளவு என்று சொல்லிவிட்டு, அப்புறம் மெஷினில் வைத்து, தான் சொன்னது சரிதானா என்று சரிபார்த்துக்கொள்கிறவள். முதலாளி லேபை மூடிவிட்டு மகனோடு கனடாவுக்குப் போனபோது, மிச்சமிருப்பதில் வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். மற்றவர்கள் நாற்காலியும் ஃபேனும் எடுத்துக்கொள்ள, அவள் சோளத்தின் மேல் அடித்துப் பார்க்கும் ஊதா விளக்கையும், பூஞ்சை நச்சைக் காட்டும் சோதனைப் பட்டைகள் நாலு பெட்டியையும் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அவள் புருஷன் செங்கோட்டுவேல் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். "நாற்காலின்னாலும் உக்காரலாம் புள்ள" என்றதோடு விட்டுவிட்டான்.

லேபில் பக்கத்து மேஜையில் இருந்து, இப்போது பெங்களூரில் நல்ல இடத்தில் இருக்கும் பெனாசிர்தான் போனில் வழி சொன்னாள். "வாணி, நீ எப்படி வேலை பார்ப்பேன்னு எனக்குத் தெரியும், உங்க வீட்டுக்காரருக்குத் தெரியும். மூணாவது ஆளுக்குத் தெரியுமா? இப்பெல்லாம் நாம போயி வேலை கேக்கறதில்ல. நாம யாருன்னு தினமும் சின்னச் சின்னதா எழுதணும். படிக்கறவங்க நம்மளத் தொடருவாங்க. அதுல ஒருத்தர் ஒருநாள் கூப்பிடுவாங்க."

"யாரு படிப்பாங்க?"

"யார் வேணும்னாலும்."

யார் வேண்டுமானாலும் என்பது யார் என்று கோகிலவாணிக்குப் பிடிபடவில்லை. இருந்தாலும் பெனாசிர் சொன்னபடியே செய்தாள். போனில் ஒரு சமூக வலைத்தளத்தில் கணக்குத் திறந்தாள். பாதி கட்டி நின்ற லாரி ஒன்றின் முன்னால் அவளை நிறுத்திச் செங்கோட்டுவேல் எடுத்த படத்தை வைத்தாள். 'உங்களைப் பற்றி' என்று கேட்ட கட்டத்தில் என்ன எழுதுவது என்று இரண்டு நாள் தவித்துவிட்டு, 'கோழித்தீவனம்' என்று மட்டும் எழுதினாள். பிறகு ஒரு சாயங்காலம் அடுப்பில் பருப்பு வெந்துகொண்டிருக்கையில் முதல் பதிவைத் தட்டினாள்: 'வணக்கம். நான் கோகிலவாணி. தீவனப் பரிசோதனையில் பதினோரு வருட அனுபவம். சோளத்தின் வாசனையிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும். உங்கள் பண்ணையில் சந்தேகம் இருந்தால் கேளுங்கள்.' கடைசியில், குறுக்கும் நெடுக்குமாக நாலு கோடு உள்ள அந்தக் குறியைப் போட்டு, ஒட்டினாற்போல் 'கோழித்தீவனம்' என்று எழுதச் சொல்லியிருந்தாள் பெனாசிர். எதற்கென்று தெரியாமலே அதையும் போட்டாள்.

காலையில் போனைப் பார்த்தாள். அவளைத் தொடர்ந்தவர்கள் இரண்டு பேர். ஒன்று பெனாசிர், இன்னொன்று ஓசூரில் மனை விற்கிற ஆள். அவள் போனை வைப்பதற்குள் அது அடித்தது. பேசியது நல்லுசாமி, புதன்சந்தையில் ஒரு லட்சம் கோழி வைத்திருப்பவர், லேப் இருந்த காலத்தில் வாராவாரம் தீவனச் சாம்பிள் கொடுத்தனுப்பியவர்.

"அம்மிணி, உன்ற பேரு என்ற முட்டையில இருக்குது."

"எந்த முட்டையிலீங்க?"

"எல்லா முட்டையிலயும்."

அவள் பஸ் பிடித்துப் போய்ப் பார்த்தாள். அட்டைக்கு முப்பதாக அடுக்கியிருந்த முட்டைகளில் ஒவ்வொன்றிலும், அகலமான முனையில் தொடங்கிக் கூரான முனை வரைக்கும் சுற்றிச் சுற்றி இறங்கியிருந்தது அவள் எழுதியது. எழுத்து இளம் பழுப்பில் கடுகளவு இருந்தது, நாலு கோட்டுக் குறி உட்பட ஒன்றும் விட்டுப்போகவில்லை. சோப்புப் போட்டுத் தேய்த்தார்கள், வினிகரில் நனைத்தார்கள், போகவில்லை. எழுத்து ஓட்டோடு ஓடாக இருந்தது, தடவினால் லேசாகத் தட்டுப்படும்படி எழும்பியிருந்தது. முட்டைகளைத் தரம் பிரிக்கிற அத்தாயம்மாள்தான் அதை முதலில் கண்டுபிடித்தவள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. இருபது வருஷமாக நாளொன்றுக்குப் பத்தாயிரம் முட்டையைத் தொட்ட விரல்களுக்கு, ஓட்டில் எதுவோ கூடியிருப்பது தொட்டவுடனே தெரிந்துவிட்டது. "நல்லா அழுத்தமா எழுதியிருக்கறீங்க" என்று மட்டும் அவள் கோகிலவாணியிடம் சொன்னாள்.

நல்லுசாமி ஒரு முட்டையை உடைத்துப் பார்த்தார். உள்ளே மஞ்சள் மஞ்சளாகவும் வெள்ளை வெள்ளையாகவும்தான் இருந்தது. "லோடு ஏத்துங்க" என்றார்.

அப்படித்தான் அது நடைமுறைக்கு வந்தது. ஓடு கட்டுவதற்கு ஒரு கோழிக்கு ஒரு ராத்திரி வேண்டும் என்பதால், சாயங்காலம் ஆறு மணிக்குள் அவள் எழுதியது மறுநாள் முட்டையிலும், அதற்குப் பிந்தியது அதற்கும் மறுநாள் முட்டையிலும் வந்தது. இருநூற்றெண்பது எழுத்துக்கு மேல் தளத்திலும் இடமில்லை, முட்டையிலும் இடமில்லை. ஏன் புதன்சந்தைக் கோழிகள் மட்டும், மோகனூர்க் கோழிகள் ஏன் இல்லை என்று சிலர் கேட்டார்கள். மோகனூர்ப் பண்ணைக்காரர்கள் கொஞ்ச நாள் வருத்தப்பட்டுவிட்டு விட்டுவிட்டார்கள். பாலக்காட்டு மொத்த வியாபாரி ஒருவர், மலையாளத்திலும் எழுத முடியுமா என்று ஆள் அனுப்பிக் கேட்டார். பெண்ணுக்கு வரன் தேடிக்கொண்டிருந்த ஒருவர் ஜாதகக் கட்டத்தோடு வந்து, ஒரே ஒருநாள் மட்டும் போடுங்கம்மா என்று கும்பிட்டார். சத்துணவில் முட்டை வாங்கிய பிள்ளைகள், தின்பதற்கு முன் படித்துவிட்டுத் தின்றார்கள். படித்து முடிக்காதவனை உரிக்கவிடக் கூடாது என்று ஒரு டீச்சர் சட்டம் போட்டார். நாலு கோட்டுக் குறிக்கு அர்த்தம் யாருக்கும் தெரியாததால் அது நல்ல குறியாகத்தான் இருக்க வேண்டும் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். மார்கழி பிறந்தபோது வாசல்கோலத்தின் நடுவில் அது வந்தது, புது டிராக்டரின் முன்கண்ணாடியில் மஞ்சளில் வந்தது, செங்கோட்டுவேலின் பட்டறையில் ஒரு லாரிக்காரர் பின்கதவில் அதைப் பற்றவைத்துத் தரச் சொல்லிக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

கோகிலவாணி குழம்பிப்போயிருந்தாள். தினமும் எழுது என்று பெனாசிர் சொன்னதால் தினமும் எழுதினாள். கேள்வி கேட்டால்தான் ஆட்கள் பேச வருவார்கள் என்று சொன்னதால் ஒருநாள், 'உங்கள் கோழிகள் தண்ணியாகக் கழிகின்றனவா? எச்சத்தின் நிறம் என்ன?' என்று கேட்டுவைத்தாள். மறுநாள் நாமக்கல் பஸ் ஸ்டாண்டில் ஆம்லெட் போடுகிறவர்கள் எல்லாம் முட்டையைத் துணியில் மறைத்து உடைக்க வேண்டியதாயிற்று.

"திங்கற பொருள்ல என்னத்த எழுதற நீ?" என்றான் செங்கோட்டுவேல்.

"நான் முட்டையில எழுதுலீங்க. போன்லதான் எழுதறேன்."

"அது எனக்குத் தெரியுது. முட்டைக்குத் தெரியுதா?"

போனில் பார்த்தால் ஏழு பேர் தொடர்ந்தார்கள். அதில் மூன்று பேர் எதையோ விற்கிறவர்கள், ஒருவன் செங்கோட்டுவேலின் அக்கா மகன். எழுதுகிற இடத்தில் ஏழு பேர், எழுதாத இடத்தில் லட்சக்கணக்கான பேர். பெனாசிரிடம் சொன்னால் அவள், "முட்டையில படிச்சா லைக் விழாதுடி. அவங்கள உள்ள வரச் சொல்லு" என்றாள். கோகிலவாணி அதையும் எழுதிப்பார்த்தாள். உள்ளே வாருங்கள் என்று மறுநாள் முட்டையில் படித்தவர்கள் அவள் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டார்கள். பதினெட்டுப் பேருக்குக் காபி போட வேண்டியிருந்தது.

அதற்கப்புறம் பதில்கள் ஓட்டில் வரத் தொடங்கின. முட்டையை ஓரத்தில் ஓட்டை போட்டு ஊற்றிவிட்டு, காலி ஓட்டில் பென்சிலால் எழுதி, அவள் வீட்டுக் காம்பவுண்டுச் சுவர்மேல் வைத்துவிட்டுப் போனார்கள். எங்கள் பண்ணையில் ஓடு மெலிசாக இருக்கிறது, என்ன செய்ய? தவிட்டில் புழு, எத்தனை நாள் காயவைக்க? கீழே பெயர், போன் நம்பர். பண்ணை சூப்பர்வைசர்கள், தீவனம் அரைக்கிற மில்லில் மூட்டை தைக்கிற பெண்கள், லோடு டிரைவர்கள். அவள் ஒவ்வொன்றையும் படித்துப் பதில் எழுதினாள். ஓடுகளை அரிசிச் சாக்கில் பத்திரமாகப் போட்டுவைத்தாள். இதெல்லாம் வேலையா, வேலைக்கு முந்தினதா, வேலை கிடைக்காததன் அடையாளமா என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. யாரும் அவளை வேலைக்குக் கூப்பிடவில்லை.

தை மாதம் எதிர்பாராமல் ஒன்பது நாள் மழை பெய்தது. மழை விட்ட மூன்றாம் நாள் நல்லுசாமி ஒரு பையோடு வந்தார். "கோழி சரியா திங்க மாட்டீங்குது அம்மிணி. முட்டை குறைஞ்சு போச்சு. சோளத்தக் கொஞ்சம் பாரு."

அவள் பைக்குள் கைவிட்டு அள்ளி மோந்தாள். கையைக் கழுவிக்கொண்டு வந்து, ஜன்னலைச் சாத்தி ஊதா விளக்கைப் போட்டாள். உடைந்த சோளமணிகள் மின்மினிபோலப் பச்சை மஞ்சளாக மினுங்கின. சோதனைப் பட்டையும் அதையே சொன்னது. பூஞ்சை நச்சு, இருக்கக்கூடிய அளவைத் தாண்டி.

"எங்க வாங்கினீங்க?"

"ரயில்வே கேட்டுக்கிட்ட இருக்கற குடோன்ல. பாதிப் பண்ணைக்காரங்க அங்கதான வாங்கினோம்."

அவள் அரிசிச் சாக்கைக் கவிழ்த்தாள். ஓடுகளில் இருந்த நம்பர்களுக்கு ஒவ்வொன்றாகப் போன் போட்டாள். மறுநாள் மதியத்துக்குள் சூப்பர்வைசர்களும் மில் பெண்களும் கைக்குட்டையில், டிபன் டப்பாவில், வெற்றிலைப் பையில் பிடி பிடியாகச் சோளம் கொண்டுவந்தார்கள். பதினாறு பண்ணைச் சோளம். பதினொன்றில் நச்சு இருந்தது. இந்த நச்சு கோழியின் ஈரலைத் தின்னும், கொஞ்சம் முட்டைக்குள்ளும் போகும் என்று அவளுக்குத் தெரியும். அவள் பண்ணைக்காரர்களுக்குப் போன் செய்தாள். ஒருவர், அரசாங்கச் சீட்டு இருக்கிறதா என்றார். ஒருவர், வேலையில்லாதவள் கிளப்பிவிடுகிறாள் என்று அவள் காதுபடவே பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். அரசுப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பிய சாம்பிளுக்குப் பதில் வர எட்டு நாளாகும் என்றார்கள்.

நல்லுசாமிக்கு மட்டும் அவள் சொன்னதில் சந்தேகமில்லை. அதனால்தான் அவர் அதிகம் பயந்தார். "அம்மிணி, எழுதீராத. ஒரு முட்டையில மட்டும் வந்தாப் பரவாயில்ல. மெட்ராஸ், கேரளா, பெங்களூர் அத்தனை வீட்டு அடுப்பங்கரையிலயும் இது வந்து நிக்கும். அப்பறம் இந்த ஊரு முட்டைய நாய் கூட மோந்து பாக்காது. நான் என்ற சோளத்த மாத்தீர்றேன். மத்தவங்களயும் மெதுவாச் சொல்லி மாத்தலாம்."

"மெதுவான்னா எத்தனை நாளுங்க?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினார்.

அன்று சாயங்காலம் ஐந்தரை மணிக்கு அவள் நாலு தடவை எழுதி நாலு தடவை அழித்தாள். தான் எழுதுவது அந்த ஏழு பேருக்கு என்றால் இதை எழுதி ஒன்றும் ஆகப்போவதில்லை. முட்டையைப் படிப்பவர்களுக்கு என்றால் ஒரு ஊரே படுத்துவிடும். யாருக்கு எழுதுகிறோம் என்று ஒருநாளும் தெரியாமலே எழுதிவந்தவளுக்கு, இன்றைக்கு மட்டும் எப்படித் தெரியும்? கடைசியில், 'மழைக்காலத்தில் தீவனத்தை ஈரமில்லாமல் பார்த்துக்கொள்வது நல்லது' என்று எழுதிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

மறுநாள் பத்து மணிக்கு அத்தாயம்மாள், வேலையைப் பாதியில் விட்டுவிட்டு, ஒரே ஒரு முட்டையை முந்தானையில் பொதிந்துகொண்டு வந்தாள்.

"இன்னைக்கு என்னங்க எழுதுனீங்க?"

கோகிலவாணி சொன்னாள்.

"வேற எதையோ எழுத வந்து இத எழுதியிருக்கறீங்க." அத்தாயம்மாள் அவள் கையைப் பிடித்து விரலை ஓட்டின்மேல் வைத்தாள். "பாருங்க. தினமும் எழுத்து மேல எந்திரிச்சு நிக்கும். இன்னைக்கு உள்ள குழிஞ்சு கெடக்குது. காலைல இருந்து ரெண்டாயிரம் முட்டை தொட்டுட்டேன், விரலே கூசுது. எனக்குப் படிக்கத் தெரியாது, நீங்க என்ன மறைச்சீங்கன்னு எனக்கு வேண்டாம். என்ற பேரன் பேத்திக்கு நான் ஒடஞ்ச முட்டையக் கொண்டுபோயித்தான் பொரிச்சுப் போடறேன். போடலாமா வேண்டாமா, அத மட்டும் சொல்லுங்க."

கோகிலவாணி அந்த முட்டையை வாங்கி மேஜையில் வைத்தாள். அது உருண்டது, பிடித்து நிறுத்தினாள். "இன்னைக்குப் போடாதீங்க" என்றாள்.

அத்தாயம்மாள் தலையாட்டிவிட்டுப் போனாள். அன்று ஐந்து மணிக்கே கோகிலவாணி எழுதினாள்: 'ரயில்வே கேட்டுக் குடோன் சோளத்தில் பூஞ்சை நச்சு இருக்கிறது. பதினாறு பண்ணையில் பதினொன்றில் பார்த்தேன். இந்த முட்டையிட்ட கோழி அதைத் தின்றிருக்கலாம். பண்ணைக்காரர்களே, இன்றே மாற்றுங்கள். வாங்குகிறவர்களே, விசாரித்து வாங்குங்கள். கோகிலவாணி, நாமக்கல்.' நாலு கோட்டுக் குறியைப் போட மறந்துவிட்டாள்.

விடிந்தபோது நாற்பத்திரண்டு பண்ணையிலும் அது இருந்தது. இதுவரை வந்ததிலேயே தெளிவான எழுத்து அதுதான் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். லோடு ஏறிய லாரிகள் வாளையாறிலிருந்தும் ஓசூரிலிருந்தும் திரும்பி வந்து ரோட்டோரம் வரிசையாக நின்றன. சிலர் முட்டைகளைக் கோணிச் சாக்கால் தேய்த்துப்பார்த்தார்கள், சிலர் சுண்ணாம்பு பூசிப்பார்த்தார்கள், சுண்ணாம்பின் மேலும் எழுத்து வந்தது. அவள் வீட்டு முன்னால் கூட்டம் கூடிக் கத்தியது. செங்கோட்டுவேல் பட்டறைக்குப் போகாமல், வெல்டிங் முகமூடியை மாட்டிக்கொண்டு கேட்டருகே நின்றான். ஏன் மாட்டினான் என்று அவள் கேட்டதற்கு, என் முகத்தைப் பார்த்தால் அழுதுவிட்டேன் என்று தெரிந்துவிடும் என்றான்.

திரும்பி வந்த முட்டைகளைக் குழி வெட்டிக் கொட்டினார்கள், அவை மூன்று நாள் நாறின. அதே மூன்று நாளில், சொன்னால் கேட்காத அத்தனை பண்ணைக்காரர்களும் சோளத்தை மாற்றினார்கள், ஏனென்றால் மாற்றாதவர் முட்டையை வாங்க ஆளில்லை. எட்டாம் நாள் அரசுக் கூடத்துச் சீட்டு வந்தது. அதில் அவள் சொன்னதுதான் இருந்தது.

கோகிலவாணி அதற்கப்புறம் எழுதவில்லை. போனை அரிசி டின்னுக்குள் போட்டு மூடியிருந்தாள். முட்டைகள் பால்போல வெள்ளையாக, ஒரு எழுத்தும் இல்லாமல் வந்தன. இனி எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று பண்ணைக்காரர்கள் மூச்சு விட்டார்கள். ஆனால் பாலக்காட்டிலிருந்தும் மெட்ராசிலிருந்தும் வெள்ளை முட்டைகள் திரும்பி வந்தன. எழுத்து இல்லாத முட்டை வேண்டாம் என்றார்களாம் ஜனங்கள். எழுத்து இருந்தால் யாரோ பார்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம், வெறும் முட்டையை யார் நம்புவது என்றார்களாம்.

நல்லுசாமியும் இன்னும் எட்டுப் பேரும் வந்து, செருப்பை வெளியே விட்டு, அவள் வீட்டு ஹாலில் தரையில் உட்கார்ந்தார்கள்.

"எழுது அம்மிணி."

"என்னன்னுங்க?"

"முட்டை நல்லா இருக்குதுன்னு எழுது."

"பாக்காம எப்படிங்க எழுதறது?"

ஒன்பது பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "அப்ப பாத்துட்டு எழுது" என்றார் நல்லுசாமி. "தினமும் பாரு. பாக்கறதுக்கு என்ன வேணுமோ வாங்கித் தர்றோம்."

அவர் பண்ணையிலேயே ஒரு பழைய முட்டை ரூமை வெள்ளையடித்துக் கொடுத்தார்கள். மெஷின் வந்தது, மேஜை வந்தது, கதவில் பெயர்ப்பலகை வந்தது. அவளுக்கு வேலை கிடைத்துவிட்டது என்று செங்கோட்டுவேல் பட்டறையில் லட்டு கொடுத்தான். பெனாசிர் போனில் கூவினாள், "பாத்தியா, நான் சொன்னேன்ல, நெட்வொர்க்!" கோகிலவாணி "ஆமா" என்றாள். எது நெட்வொர்க், எது கோழி, எங்கே ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்கியது என்று அவளால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. தளத்தில் இன்னமும் ஏழு பேர்தான். மனை விற்கிறவர்கூட விலகிப் போயிருந்தார், அவர் இடத்துக்கு வேறொருவர் வந்திருந்தார்.

அந்த ரூமில் வேலை தொடங்கிய நாலாம் நாள், ஆறு மணிக்கு இருபது நிமிஷம் இருக்கையில், அவள் கடைசிச் சாம்பிளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது நல்லுசாமியின் மூன்றாவது ஷெட்டுத் தீவனம். புதுச் சோளம்தான், ஆனால் பழைய மூட்டையின் அடிச்சோளம் எப்படியோ கலந்திருந்தது. பட்டையில் மெல்லிசாகக் கோடு விழுந்தது. அவள் இன்னொரு பட்டையை நனைத்துப் பார்த்தாள். அதிலும் விழுந்தது.

நல்லுசாமி கதவருகே நின்றிருந்தார். அவள் முகத்தைப் பார்த்தே கேட்டார். "என்னுதா?"

"ஆமாங்க. ஒரே ஒரு ஷெட்டு. கொஞ்சம்தான்." அவள் கையைத் துடைத்துக்கொண்டாள். இந்த ரூமும், இந்த மேஜையும், அவர் கொடுத்தது. "பண்ணை பேரு போடாம, ஒரு பண்ணையில இருக்குதுன்னு எழுதட்டுங்களா?"

அவர் உள்ளே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். சோதனைப் பட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, ஒன்றும் புரியாமல் ரொம்ப நேரம் பார்த்தார்.

"பேரு போடாம எழுதுனா நாப்பத்திரண்டு பேரு மேலயும் சந்தேகம் வரும். போட்டே எழுதீரு" என்றார். பிறகு, "மூணாவது ஷெட்டுன்னும் போடு. மத்த ஷெட்டு நல்லாருக்குதில்ல?"

"நல்லாருக்குதுங்க."

"அதையும் போட்டுரு."

அவள் தட்டினாள், ஒரு சொல்லை அழித்தாள், மறுபடி தட்டினாள். இருநூற்றெண்பதுக்குள் அடங்கியது.

"போயிருச்சா?"

"போயிருச்சுங்க."

அவர் எழுந்து வெளியே போனார். அவளும் போனாள். மூன்றாவது ஷெட்டில் கூண்டு வரிசைகளின் ஓரமாக ஓடிய தீவனத் தொட்டியில் அவர் கையாலேயே சோளத்தை அள்ளிச் சாக்கில் போட ஆரம்பித்தார். அவள் எதிர்வரிசையில் குனிந்தாள். கொஞ்ச நேரத்தில் அத்தாயம்மாளும் கூலிக்காரப் பெண்கள் இரண்டு பேரும் சாக்கைப் பிடிக்க வந்தார்கள். கோழிகள் கம்பிக்கு வெளியே கழுத்தை நீட்டி, காலியான தொட்டியையும் கோகிலவாணியின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தன. "புதுசு வருது, இருங்க" என்றாள் அவள், யாரிடம் சொல்கிறோம் என்று நிச்சயமில்லாமலே.